திராட்சைப் பந்தலும் என் நாக்கும்

கண்புரை அறுவைக்காக என் மனைவி வசந்தாவை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு தடவையும் பச்சை அங்கி மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டு உட்கார வைத்துவிட்டு, கடைசியில் பிரஷர் அதிகமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் முன்கூட்டியே சொன்னேன், அதேபோல் ஆயிற்று. டாக்டர் மாத்திரையை மாற்றினார், உப்பைக் குறைக்கச் சொன்னார். வருகிற திங்கட்கிழமை மறுபடியும் பார்க்கலாம், அதற்குள் எங்காவது பச்சையாக இருக்கிற இடத்தில் ஒரு ராத்திரி நிம்மதியாக இருந்துவிட்டு வாருங்கள் என்றார். அப்போதும் இறங்காவிட்டால் ஆபரேஷனைக் காலவரையின்றித் தள்ளிவைக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

வசந்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, வலது கண் ரொம்ப மோசம். தெருவில் எதிரே வருவது யார் என்று தெரியாததால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிரிப்பைச் சிரித்து வைப்பாள். ஒருநாள் துணிக்கடை வாசலில் நின்ற பொம்மையிடம், "எப்ப ஊர்லேருந்து வந்தீங்க?" என்று விசாரித்தாள். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக நின்றுகொண்டிருந்தேன், பயமாக இருந்தது. காலைப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவள் அவள். இப்போது நான்தான் படித்துக் காட்டுகிறேன். செய்தி ஒரு வரி, உங்கள் கருத்து ஒன்பது வரி என்று அதற்கும் குறை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். பேசியே சம்பளம் வாங்கியவன். சம்பளம் நின்றதே தவிரப் பேச்சு நிற்கவில்லை.

எங்கள் மகள் இருப்பது ஆஸ்திரேலியாவில். அவள் போன விடுமுறையில் ஒரு வைன் தோட்டத்துக்குப் போய்த் தங்கி, இடுப்பளவு திராட்சைக் கொடிகளுக்கு நடுவில் கையில் கண்ணாடிக் கிண்ணத்தோடு படம் அனுப்பியிருந்தாள். அதே மாதிரி நம் ஊரிலும் ஒன்று இருக்கிறது அப்பா, கம்பம் பள்ளத்தாக்கு, அங்கே தோட்டத்துக்குள்ளேயே தங்கலாம் என்று சொல்லி ஏற்பாடெல்லாம் அவளே செய்துவிட்டாள். கூடவே கையில் சுற்றிப் பார்க்கிற பிரஷர் மெஷின் ஒன்றும் கூரியரில் வந்தது. எனக்கு அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் ஒரு கண் இருந்தது. மனைவியின் உடல்நலத்துக்காகப் போகிற பயணத்தில் அதை வெளியே சொல்ல முடியுமா?

சனிக்கிழமை காலை தேனியில் இறங்கினோம். எங்கள் தாம்பரத்தில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, இங்கே மலையிலிருந்து காற்று வந்தது. அந்தக் காற்றை அனுபவிக்க முடியாதபடி நாங்கள் ஏறிய தனியார் பஸ்ஸில் பாட்டு. எங்கள் ஊர்ப் பஸ்ஸில் கண்டக்டர் விசில் அடித்தால் கேட்கும். இங்கே கண்டக்டர் டிரைவரின் தோளைத் தட்டித்தான் நிறுத்தினார். நான் மெஷினை எடுத்து வசந்தாவின் கையில் சுற்றினேன். "பஸ்ஸிலயா?" என்றாள். அளவு ஏறித்தான் இருந்தது. ஏறியிருக்கும் என்று நான் சுற்றும்போதே சொன்னேன்.

சின்னமனூர் தாண்டியதும் கண்டக்டரும் நானும் நண்பர்களாகிவிட்டோம். உத்தமபாளையத்தில் அவருடைய மூத்த பெண் காலேஜில் சேர்ந்த கதையை அவர் சொன்னார். நான் முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்ட வரலாற்றைத் தொடங்கினேன். அஸ்திவாரம் எழும்புவதற்குள் நாங்கள் இறங்க வேண்டிய கம்பம் போய்விட்டது. வசந்தாவுக்கு ஊர்ப் பெயர்ப் பலகை தெரியாது, எங்களுக்கு உலகமே தெரியவில்லை. கூடலூரில் இறக்கிவிட்டு, "மன்னிச்சுக்கங்க சார், பேச்சுல விட்டுப்புட்டேன்," என்றார் கண்டக்டர். அங்கிருந்து ஒரு ஆட்டோ பிடித்து, வந்த வழியே திரும்பி, சுருளிப்பட்டிப் பக்கம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது.

ஆஸ்திரேலியாவில் திராட்சைக் கொடி இடுப்பளவில் நிற்கிறது. கம்பத்தில் தலைக்கு மேல் பந்தல். கல்தூண்களை நட்டு, கம்பியை இழுத்துக் கட்டி, ஏக்கர் கணக்கில் கல்யாணப் பந்தல் போட்டதுபோல் கொடி படர்ந்திருக்கிறது. உள்ளே நுழைந்தால் வெயில் வெளியே நின்றுவிடுகிறது. மேலேயிருந்து கறுப்புக் குலைகள் கைக்கெட்டுகிற உயரத்தில் தொங்குகின்றன. என் உயரத்துக்குக் கை வேண்டாம், வழுக்கையே போதும். பத்தடி நடப்பதற்குள் நான்கு குலை என் மண்டையில் இடித்தது.

தோட்டமும் அதன் நடுவில் உள்ள வீடும் பாண்டியம்மாளுடையவை. ஐம்பது வயதிருக்கும், குரல் கணீரென்றிருந்தது. அவர் கணவர் செல்லத்துரை நேர் எதிர். ஒரு கேள்விக்கு ஒரு தலையாட்டல், அதற்கு மேல் செலவழிக்க மாட்டார். ஓட்டு வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி, வருகிறவர்களுக்கு விடுகிறார்கள்.

"வாங்க சார், வாங்கம்மா. கூடலூரு வரைக்கும் போயிட்டு வர்றீகளாமே, ஆட்டோக்காரரு சொன்னாக," என்றார் பாண்டியம்மாள். அதற்குள் செய்தி வந்துவிட்டது.

சாப்பாடு வந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு, மண்சட்டியில். வாசனையில் எனக்குக் கண் கலங்கியது. ஒரு வாய் வைத்தேன், உப்பில்லை. என் மகள் அங்கிருந்தே போன் போட்டு, இரண்டு பேருக்கும் உப்பு ஆகாது என்று சொல்லியிருக்கிறாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், ஆனால் பரிமாறிய பாண்டியம்மாள் எதிரிலேயே நின்றார். இந்தக் கையால் இதுவரைக்கும் உப்பில்லாமல் அடுப்பில் ஒன்று ஏற்றியதில்லை, உங்களுக்காகத்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு செய்தேன் என்றார். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

கைகழுவும்போது செல்லத்துரையிடம் மெதுவாக, இந்தப் பக்கம் திராட்சையில் வைன் கூடச் செய்கிறார்களாமே என்று ஆரம்பித்தேன். அவர் தலையாட்டினார். இங்கே கிடைக்குமா என்றேன். தலை பக்கவாட்டில் ஆடியது. உள்ளேயிருந்து பாண்டியம்மாளின் குரல் மட்டும் வந்தது. இங்கே தெரிந்ததெல்லாம் மிக்சியில் அடித்து வடிகட்டுகிற ஜூஸ்தான், மற்றதற்குக் கம்பம் போக வேண்டும் என்றது. வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை மட்டும் அவளுக்குத் தெளிவாகவே இருக்கிறது.

இயற்கையின் அமைதி என்று மகள் சொன்னது எதை என்று எனக்குப் பிடிபடவில்லை. கிளியும் மைனாவும் பழத்தில் வாய் வைக்காமல் இருக்கத் தோட்டத்தின் மூலைக்கு மூலை ஆள் நின்று தகரம் தட்டினார்கள். மோட்டார் ஓடியது. பக்கத்து ஊர்க் கோயிலில் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தகரச் சத்தத்துக்கும் வசந்தா தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள், ஒவ்வொரு தடவையும் நான் மெஷினைச் சுற்றினேன். நாலாவது தடவை அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் கோபித்துக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டேன்.

கிணற்றடி வரிசையில் இருப்பதைக் கழுவிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம், விற்கிற பழம் அந்தப் பக்கம் என்று பாண்டியம்மாள் காட்டியிருந்தார். பன்னீர்த் திராட்சை. கடையில் வாங்கித் தின்றது வேறு, கொடியிலிருந்து தின்பது வேறு. தோல் பல்லில் படுவதற்குள் உடைந்து, தேனும் புளிப்புமாய் இறங்குகிறது. உப்பில்லாத மதியத்துக்கு நஷ்டஈடு வாங்குவதுபோல் சாயங்காலம் வரை தின்றேன்.

சாயங்காலம் வீட்டு முற்றத்தில் டீயும் உளுந்த வடையும். வடையில் உப்பிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை பழம் வெட்டு. குமுளிக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து வியாபாரி லாரியோடு வருகிறார். வெட்ட வருகிற பெண்கள் இரண்டு பேர் எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்கவந்து, டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே மலைமேல் கருநீலமாக மேகம் ஏறியிருந்தது. தாம்பரத்துக்காரனுக்கு மேகத்தைப் பார்த்தால் என்ன வரும்?

"ஒரு நல்ல மழை மட்டும் பெஞ்சிட்டா இது சொர்க்கம்தாம்மா," என்றேன். "ராத்திரிக்குள்ள கட்டாயம் பெய்யும், பாருங்க."

செல்லத்துரையின் டீ கிளாஸ் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பெண்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி கையிலிருந்த வடையைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"என்னண்ணே இப்பிடிச் சொல்லிப்புட்டீக," என்றார் பாண்டியம்மாள். அதுவரை சாராக இருந்தவன் அப்போதுதான் அண்ணன் ஆனேன். "பழுத்து நிக்கிது பழம். ஒரு மழ விழுந்தாப் போதும், அம்புட்டும் வெடிச்சு ஈ மொய்ச்சுப் போகும். வியாபாரி வந்த லாரியத் திருப்பிக்கிட்டுப் போயிருவாக. கொடிய வெட்டிவிட்டுக் கவாத்து பண்ணுன நாள்லேருந்து பிள்ளயப் பாக்குற மாதிரி பாத்துருக்கோம்ண்ணே."

சிலுவைப் போரெல்லாம் தேதியோடு தெரிந்தவனுக்கு, பழுத்த திராட்சைக்கு மழை ஆகாது என்பது தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். குமுளிப் பக்கம் இடி இடித்தது.

பாண்டியம்மாள் எழுந்து என் எதிரில் வந்து நின்றார். "அண்ணே, தப்பா நெனைக்காதீக. நாக்க நீட்டுங்க."

நீட்டினேன். வெட்டுக்காரப் பெண்கள் இருவரும் ஒருசேர, "ஆத்தா!" என்றார்கள். மத்தியானத்திலிருந்து தின்ற திராட்சை, நுனியிலிருந்து அடிவரை என் நாக்கைக் கரிச்சட்டியாக்கியிருந்தது. அது பழத்தின் சாயம் என்று விளக்கினேன். அது தெரியாதா எங்களுக்கு, சாயத்துக்கு அடியில் மச்சம் இருக்கிறதா இல்லையா, அதுதான் கேள்வி என்றார்கள். நாக்கில் மச்சம் இருந்தால் கருநாக்கு, அவன் சொன்னது பலிக்கும். தண்ணீர் கொண்டுவந்து கொப்பளிக்க வைத்தார்கள். சாயம் அசையவில்லை.

"மதினி, நீங்க சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?" என்று வசந்தாவைக் கூப்பிட்டார் பாண்டியம்மாள். செல்லத்துரை டார்ச் அடித்தார். வசந்தா என் தாடையைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மற்றதை மூடிப் பார்த்தாள். "எனக்கு எல்லாமே மூட்டமாத்தான் தெரியுது. கண் நல்லா இருந்த காலத்துல இதைப் பார்க்கணும்னு தோணலை," என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா இவர் சொன்னா நடந்துடும்மா. நல்லதைச் சொன்னா மட்டும் நடக்காது."

அப்புறம் சாட்சியம் தொடங்கியது. விருந்தாளிகள் வந்திருக்கும்போது சிலிண்டர் தீரப்போகிறது என்று நான் சொன்னது, தீர்ந்தது. தம்பி பெண் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் கரண்ட் போகும் என்று சொன்னது, போனது. கடைசியாக, "ஆஸ்பத்திரியில ரெண்டு தடவையும் என் கையில பட்டையைச் சுத்தும்போது பக்கத்துல நின்னு, ஏறப்போகுது பார், ஏறப்போகுது பார்னு சொல்லிக்கிட்டே இருந்தார். ஏறாம என்ன செய்யும்?" என்றாள்.

இதை அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. யாரோ ஒரு பாண்டியம்மாளிடம், என்னை அண்ணன் என்று அழைத்துக் கால் மணி நேரம் ஆனவரிடம் சொல்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. என் கவலையைத்தான் நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அது அவள் காதில் எப்படி விழும் என்று யோசிக்கவேயில்லை.

தீர்ப்பு உடனே வந்தது. லோடு ஏறி லாரி கிளம்புகிற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மூடநம்பிக்கையின் வரலாறு பற்றி என்னிடம் தயாராக ஒரு சொற்பொழிவு உண்டு, பல பள்ளி ஆண்டுவிழாக்களில் பேசியது. அதை ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். மறுபடியும் இடித்தது. மூடிக்கொண்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் உப்புப் போட்ட குழம்பு வந்தது. வாயைக் கட்டிய பாவத்துக்குப் பாண்டியம்மாள் காட்டிய இரக்கம். நன்றி சொல்லக்கூட வழியில்லை. படுத்த சற்று நேரத்தில் வசந்தாவின் குறட்டை கேட்டது. அவள் குறட்டை விட்டு நான் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! எனக்குத் தெரிந்தவரை நான்தான் விடிய விடிய உலக நிலவரம் சொல்வேன்.

ஞாயிறு விடிந்தபோது மேகம் கொடிப்பந்தலுக்கு மேல் இன்னொரு பந்தலாக நின்றது. மழை இன்னும் விழவில்லை. பெண்கள் கத்திரியோடு வரிசை வரிசையாக இறங்கிவிட்டார்கள். கொடியிலிருந்து குலையைக் காம்போடு வெட்டி, உடைந்த பழத்தை மட்டும் கிள்ளிப் போட்டு, பேப்பர் விரித்த டிரேயில் அடுக்க வேண்டும். வானத்தைப் பார்த்துப் பார்த்து வேலை நடந்தது. வசந்தா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு டிரே அடுக்குகிற இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். கண் சரியில்லையே என்றதற்கு, உடைந்த பழம் விரலுக்கே தெரிகிறது என்றாள். பெண்கள் மாமியார் கதை சொன்னார்கள். இவளும் சொன்னாள். என் அம்மாவைப் பற்றி எனக்கே தெரியாத இரண்டு கதைகள் அன்று தெரிந்துகொண்டேன். மறுத்துப் பேச வழியில்லை.

நான் டிரே சுமந்தேன். ஒவ்வொரு நடைக்கும் மண்டையில் குலை இடித்தது. "அம்மா" என்றுகூடச் சொல்லாமல் குனிந்து போனேன்.

வியாபாரி வந்தார். வெள்ளை வேட்டி, பாதி தமிழ், பாதி மலையாளம். என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். நான் சிரித்தேன். மறுபடியும் கேட்டார். வடக்குத் திசையைக் காட்டினேன்.

"அவுக பேச மாட்டாக," என்றார் பாண்டியம்மாள்.

வியாபாரியின் முகம் மாறிவிட்டது. அய்யோ பாவம் என்று என் தோளைத் தட்டினார். பிறவியிலேயேயா, இடையில் வந்ததா என்று வசந்தாவிடம் விசாரித்தார். நேற்று சாயங்காலத்திலிருந்துதான் என்றாள் அவள், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அப்படியென்றால் புதிது, குணப்படுத்திவிடலாம் என்று கோட்டயத்துப் பக்கம் ஒரு வைத்தியரை அவர் சிபாரிசு செய்தார். எத்தனையோ பேரைப் பேச வைத்திருக்கிறாராம். வசந்தா அவசரமாக, "வேண்டாங்க, இப்படியே இருக்கட்டும்," என்றாள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அந்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. மனைவி இப்படியும் இருப்பாளா என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

லாரியில் கடைசி டிரே ஏறியது, தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். வண்டி தோட்டத்து மண்பாதையைத் தாண்டி ரோட்டில் ஏறித் திரும்பும்வரை எல்லோரும் வாசலிலேயே நின்றோம். செல்லத்துரை தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு பயந்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இப்பப் பேசுங்கண்ணே," என்றார் பாண்டியம்மாள். "என்ன வேணும்னாலும் பேசுங்க."

ஒரு நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. மழைதான் வந்தது. பெரிய பெரிய துளியாகக் கல்தூணில் விழுந்து, பந்தல் இலையில் விழுந்து, பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது. பாண்டியம்மாள் சிரித்த சிரிப்பு பக்கத்துத் தோட்டம்வரை கேட்டிருக்கும். வசந்தா ஓடி ஒதுங்கவில்லை. முகத்தை நிமிர்த்தி நின்றாள், நான் சளிபிடிக்கும் என்று சொல்லவில்லை.

தலை துவட்டியபின் அவளே கையை நீட்டினாள். மெஷினைச் சுற்றினேன். எண்ணைப் பார்த்தேன், மெஷினைத் தட்டிப் பார்த்தேன், பேட்டரியை மாற்றி மறுபடியும் சுற்றினேன். டாக்டர் கேட்ட அளவுக்கு இறங்கியிருந்தது. சந்தேகத்துக்கு என் கையில் சுற்றினேன். எனக்கு ஏறியிருந்தது.

கிளம்பும்போது கிணற்றடி வரிசைப் பழம் ஒரு பை நிறைய வந்தது. மதினிக்குக் கண் சரியானதும் ஒருதடவை வந்து தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார் பாண்டியம்மாள். அண்ணனும் வரலாம், வெட்டு முடிந்த பிறகு. வரும் பஸ்ஸிலும் பாட்டு அலறியது. வசந்தா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டார். வடக்குத் திசையைக் காட்டினேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி, தொப்பி. நர்ஸ் பட்டையைச் சுற்ற வந்தபோது வசந்தா என்னை வெறுமனே பார்த்தாள். சுவரில் இருந்த கண் படத்தின் பாகங்களை மனசுக்குள் படித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் எண்ணை எழுதிக்கொண்டு, "உள்ள வாங்கம்மா," என்றார். கதவு மூடியபின் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவர் சங்கடப்படுகிற அளவுக்கு அழுதேன்.

செவ்வாய்க்கிழமை வலது கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார், சரியாகச் சொன்னாள். சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் கண்ணீரோடு ஏதோ சொல்ல வந்தேன்.

"நாக்கை நீட்டுங்க," என்றாள்.

டாக்டர், நர்ஸ் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நீட்டினேன். சாயமெல்லாம் போய்விட்டிருந்தது. வசந்தா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, பேப்பரில் பொடி எழுத்தைப் படிப்பதுபோல் நிதானமாகப் பார்த்தாள்.

"இருக்கு," என்றாள். "இடது ஓரத்துல, கடுகளவு."

ஜன்னலுக்கு வெளியே தாம்பரம் வெயிலில் காய்ந்துகிடந்தது. "இங்கயும் ஒரு மழை கேளுங்களேன்," என்றாள் வசந்தா.

நல்லதைச் சொன்னால் நடக்காது என்று அவள்தானே சொன்னாள்? எப்படிக் கேட்டால் பலிக்கும் என்று கண்ணை மூடி யோசித்தேன். பேசுவதற்கு முன்னால் இவர் யோசிப்பது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை என்று, அவள் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.